குழந்தையின் சிகிச்சையில் டாக்டரோடு ஒத்துப்போக முடியாதபோது: பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

என் மகளுக்கு ஆறு வயதில், நரம்புகளைத் தாக்கும் கில்லன் பாரே நோய் வந்தது. காலில் தொடங்கிய தளர்ச்சி சில நாட்களில் மூச்சுத் தசைகள் வரை ஏறிவிட்டது. வென்டிலேட்டரில் வைத்தார்கள். மூன்றாவது வாரத்தில், தொண்டையில் துளை போட்டு அதன் வழியாகக் குழாய் வைக்க வேண்டும் என்றார்கள். நாங்கள் முடியாது என்றோம். ஒன்பது நாள் முடியாது என்றே சொல்லிக்கொண்டிருந்தோம்.

எங்களுக்கு அந்தத் துளை, "இனி இவள் தானாக மூச்சு விடமாட்டாள்" என்று எழுதிக் கொடுப்பது மாதிரி இருந்தது. டாக்டர்களுக்கு அது வேறு. வாயில் இருக்கும் குழாயை எடுத்துவிடலாம், மயக்க மருந்தைக் குறைக்கலாம், அவளை விழித்திருக்க வைக்கலாம், தசைகள் தேறியதும் துளையை மூடிவிடலாம். இதை அவர்கள் விளக்கிச் சொல்லவில்லை. "எதற்காக?" என்று நாங்களும் கேட்கவில்லை. பத்தாம் நாள் இரவு ஒரு நர்ஸ், டிரிப்ஸ் பாட்டிலை மாற்றிக்கொண்டே, "இது போட்டா பாப்பாவைத் தூங்கவே வைக்க வேண்டாமே" என்றார். மறுநாள் காலை கையெழுத்துப் போட்டோம்.

அந்த ஒன்பது நாளை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பல சமயம் பெற்றோரும் டாக்டரும் ஒரே கேள்விக்கு இரண்டு பதில் சொல்லிச் சண்டை போடுவதில்லை. இரண்டு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதைச் சரிசெய்த பிறகும் கருத்து வேறுபாடு இருந்தால் அது உண்மையான வேறுபாடு. அதற்கும் வழிகள் உண்டு. நீங்கள் இப்போதுதான் இந்த நிலைமைக்குள் வந்திருந்தால், கீழே உள்ள வரிசையில் போங்கள்.

முதலில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேளுங்கள்

"இந்த முடிவை நாங்கள் எப்போதுக்குள் சொல்ல வேண்டும்? அதுவரை காத்திருந்தால் குழந்தைக்கு என்ன ஆகும்?" மற்றதெல்லாம் இந்த இரண்டு கேள்விக்குப் பிறகுதான். பாக்டீரியாவால் வரும் மூளைக்காய்ச்சல் என்ற சந்தேகம் இருந்தால் ஆன்டிபயாட்டிக் மருந்துக்கு ஒரு மணி நேரம்கூடப் பெரிய நேரம். அங்கே நின்று விவாதிக்காதீர்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் சம்மதத்துக்குக் காத்திராமல் சிகிச்சை கொடுக்கப் பெரும்பாலான நாடுகளில் சட்டமே டாக்டருக்கு இடம் தருகிறது. ஆனால் எலும்பு மஜ்ஜை மாற்று போன்றவற்றில் யோசிக்க நாட்களோ வாரங்களோ கிடைக்கலாம். எங்கள் விஷயத்தில் யாரும் அவசரப்படுத்தவில்லை. அது தெரியாமல் ஒவ்வொரு நாளும் கடைசி நாள் மாதிரி பதறினோம்.

உங்கள் வேறுபாடு எந்தப் பக்கத்தது?

இது இரண்டு வகையாக வரும். டாக்டர் ஒரு சிகிச்சை வேண்டும் என்கிறார், பெற்றோர் வேண்டாம் என்கிறார்கள். அல்லது டாக்டர் இனி போதும் என்கிறார், பெற்றோர் இன்னும் செய்யுங்கள் என்கிறார்கள். இரண்டிலும் பயம்தான் அடியில் இருக்கிறது. ஆனால் பேச வேண்டிய பேச்சு வேறு.

முதல் வகைக்கு ரத்தப் புற்றுநோயை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு அதிகம் வருவது ஏஎல்எல் என்ற வகை. நல்ல வசதியுள்ள மையங்களில் 10 குழந்தைகளில் ஏறக்குறைய 9 பேர் குணமாகிறார்கள். முதல் மாதக் கீமோ முடிந்ததும் பெரும்பாலான குழந்தைகளுக்குப் பரிசோதனையில் புற்றணுக்களே தெரிவதில்லை. முகம் தெளிந்துவிடும், விளையாட ஆரம்பித்துவிடும். "குழந்தை நல்லாத்தானே இருக்கு, எதுக்கு இன்னும் ஊசி?" என்று பெற்றோருக்குத் தோன்றுவது அப்போதுதான். டாக்டரோ இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் சிகிச்சை இருக்கிறது என்கிறார். பெற்றோரின் கேள்வி: "இப்போது நோய் இருக்கிறதா?" டாக்டரின் கேள்வி: "கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் செல்கள் திரும்பி வராமல் இருக்க என்ன வேண்டும்?" பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பி வரும் வாய்ப்பு மிக அதிகம். திரும்பி வந்த நோயைக் குணமாக்குவது முதல் தடவையைவிடக் கடினம். இந்த ஒரு விஷயத்தில் நான் நடுநிலையாக எழுதமாட்டேன். குணமாகும் வாய்ப்பு இவ்வளவு உள்ள நோய்க்குச் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடாதீர்கள். பக்கவிளைவு தாங்க முடியவில்லை, பயணம் கஷ்டம், பணம் இல்லை, மற்றப் பிள்ளைகளைப் பார்க்க ஆள் இல்லை என்றால் அதை அப்படியே சொல்லுங்கள். நீங்கள் வெறுமனே "வேண்டாம்" என்றால் டாக்டருக்கு அது மறுப்பாக மட்டுமே கேட்கும். காரணத்தைச் சொன்னால் உதவிக்கு ஆள் தேடலாம்.

இரண்டாம் வகையில் பெற்றோர் சொல்வது பெரும்பாலும் ஒரே வாக்கியம்: "எல்லாத்தையும் செய்யுங்க டாக்டர்." டாக்டர் அதைக் கேட்கும்போது மார்பை அழுத்துவது, ஷாக் கொடுப்பது, மீண்டும் குழாய் போடுவது என்று ஒரு பட்டியல் அவர் மனதில் ஓடும். பெற்றோர் சொல்வதோ "எங்கள் பிள்ளையைக் கைவிட்டுவிடாதீர்கள்" என்பது. அதனால் அந்த வாக்கியத்தோடு நிறுத்தாதீர்கள். நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்கள், எதை எதிர்பார்க்கிறீர்கள் என்பதை ஒரு தாளில் ஒரே வரியில் எழுதுங்கள். "அவனுக்கு வலிக்கக்கூடாது." "அவன் அக்காவை அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டும்." "நாங்கள் சீக்கிரம் விட்டுவிட்டோம் என்று பின்னால் தோன்றக்கூடாது." அந்த வரியை அப்படியே டாக்டரிடம் படித்துக் காட்டுங்கள்.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கோமா வேறு, மூளைச்சாவு வேறு. கோமாவில் மூளை உயிரோடு இருக்கிறது. எவ்வளவு தேறும் என்பது காரணத்தைப் பொறுத்தது. மூளைச்சாவு என்பது, பல நாடுகளின் சட்டப்படி, இறப்பு. டாக்டர் எதைச் சொல்கிறார் என்று நேரடியாகவே கேளுங்கள்.

நின்றுகொண்டே பேசாதீர்கள், உட்கார்ந்து பேசக் கேளுங்கள்

காலை ரவுண்ட்ஸில் மூன்று நிமிடம் கிடைக்கும். அது முடிவெடுக்கும் இடம் இல்லை. "தனி அறையில் உட்கார்ந்து பேச நேரம் வேண்டும்" என்று கேளுங்கள். முக்கிய டாக்டர், தினமும் குழந்தையைப் பார்க்கும் நர்ஸ், இருந்தால் மருத்துவமனையின் சமூகப் பணியாளர் மூவரும் இருக்கட்டும். உங்கள் பக்கம் பெற்றோர் இருவரும், அழாமல் குறிப்பெடுக்கக்கூடிய ஒருவரும். அந்த மூன்றாவது ஆள் தேவைதான். "வாய்ப்பு குறைவு" என்ற சொல்லுக்குப் பிறகு சொல்லப்பட்ட எதுவும் பெற்றவர்கள் காதில் ஏறுவதில்லை. பதிவு செய்ய விரும்பினால் முன்கூட்டிக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஒளித்துப் பதிவு செய்தது தெரிந்தால் மிச்சம் இருக்கும் நம்பிக்கையும் போய்விடும்.

கேட்க வேண்டியவை:

இந்தச் சிகிச்சை எதற்காக? குணமாக்கவா, நாட்களைக் கூட்டவா, வேதனையைக் குறைக்கவா?

எல்லாம் நன்றாக நடந்தால் ஆறு மாதம் கழித்து இவள் எப்படி இருப்பாள்? மோசமாக நடந்தால் எப்படி? இரண்டுக்கும் நடுவில், பெரும்பாலும் நடக்கக்கூடியது எது?

இதைச் செய்யாவிட்டால் என்ன நடக்கும்?

உங்கள் குழுவில் எல்லோரும் ஒரே கருத்தா?

கடைசிக் கேள்வி கேட்கவே கூச்சமாக இருக்கும். கேளுங்கள். சில சமயம் நரம்பியல் டாக்டர் ஒன்றும் ஐசியு டாக்டர் வேறொன்றும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். இரண்டையும் துண்டு துண்டாகக் கேட்ட குடும்பம் குழம்பிப்போய், யாரோ பொய் சொல்கிறார்கள் என்று முடிவு கட்டிவிடும்.

சதவீதம் சொன்னால் ஆட்களாக மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள். "30 சதவீதம்" என்றால், இவளைப் போன்ற 10 குழந்தைகளில் 3 பேர். அந்த 3 பேர் உயிரோடு இருக்கிறார்களா, நடக்கிறார்களா, பள்ளிக்குப் போகிறார்களா என்பது அடுத்த கேள்வி. கடைசியில், புரிந்ததை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். "அப்படி இல்லை" என்று டாக்டர் குறுக்கிட்டால், இத்தனை நாள் தவறிய இடம் அதுவாகவே இருக்கலாம்.

வேற்று மொழி பேசும் நாட்டில் இருந்தால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். மூத்த பிள்ளையை வைத்துப் பேச வைக்காதீர்கள். தம்பியின் உயிரைப் பற்றிய செய்தியை மொழிபெயர்ப்பது பதினான்கு வயதுப் பிள்ளையின் வேலை அல்ல.

அப்புறம், எங்கே பேசினாலும் கட்டிலுக்குப் பக்கத்தில் பேசாதீர்கள். கில்லன் பாரேயில் உடல்தான் அசையாது, மூளை தெளிவாக இருக்கும். என் மகள் பேச ஆரம்பித்த பிறகு சொன்ன முதல் விஷயங்களில் ஒன்று, "நீங்க டாக்டரோட சண்டை போட்டது கேட்டுச்சு." மயக்கத்தில் இருப்பதாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

இன்னொரு டாக்டரின் கருத்து

இதைக் கேட்பது அவமரியாதை அல்ல. நல்ல டாக்டர் கோபப்படமாட்டார். பலர் தாங்களே பெயர் சொல்லுவார்கள். ஆனால் எப்படிக் கேட்கிறோம் என்பதில் இருக்கிறது பயன். ரிப்போர்ட்டின் போட்டோவை வாட்ஸ்ஆப்பில் அனுப்பி வாங்கும் கருத்துக்கு எடை குறைவு. ஸ்கேன் படங்கள் முழுதாகச் சிடியிலோ பென்டிரைவிலோ வேண்டும். கட்டி என்றால் பயாப்சி சிலைடையே (கட்டியிலிருந்து எடுத்த திசு வைத்த கண்ணாடித் துண்டு) வாங்கி வேறு ஆய்வகத்தில் பார்க்கச் சொல்லலாம். முடிந்தால் அந்த டாக்டரே வந்து குழந்தையைப் பார்க்கட்டும். இதைச் சீக்கிரம் செய்யுங்கள்.

ஏன் சீக்கிரம் என்கிறேன் என்றால், சார்லி கார்டின் கதை மனதில் இருக்கிறது. 2016 ஆகஸ்டில் பிறந்த குழந்தை. செல்களுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவைப் பாதிக்கும் மிக அரிய மரபணு நோய். அக்டோபரில் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அமெரிக்காவில் ஒரு பரிசோதனை நிலைச் சிகிச்சை இருக்கிறது என்று பெற்றோர் கண்டுபிடித்தார்கள். 10 லட்சம் பவுண்டுக்கும் மேல் நன்கொடை சேர்ந்தது. மூளை ஏற்கெனவே மீள முடியாத அளவுக்குப் பாதிக்கப்பட்டுவிட்டது, வேதனையை நீட்டக்கூடாது என்று மருத்துவமனை சொன்னது. 2017 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மருத்துவமனை பக்கம் தீர்ப்பளித்தது. வழக்கு மேல்முறையீடு, உச்ச நீதிமன்றம், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் என்று போனது. அமெரிக்க நிபுணர் லண்டனுக்கு வந்து குழந்தையை நேரில் பார்த்தது ஜூலையில்தான். புதிய ஸ்கேன்களுக்குப் பிறகு, இனி பயனில்லை என்று பெற்றோரே வழக்கை விட்டார்கள். முதல் பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்பு, ஜூலை 28 அன்று சார்லி இறந்தான். யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல இதை எழுதவில்லை. அந்த நேர்ப் பரிசோதனை ஆறு மாதம் முன்பே நடந்திருக்க வேண்டும் என்றுதான் படிக்கும்போதெல்லாம் தோன்றுகிறது.

இணையத்தில் ஒரு புதிய சிகிச்சையைக் கண்டால் இவற்றைக் கேளுங்கள்: இதே நோய், இதே நிலையில் உள்ள எத்தனை குழந்தைகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள்? அவர்களுக்கு என்ன ஆனது? இது பதிவு செய்யப்பட்ட மருத்துவ ஆய்வா? ஆய்வு என்று சொல்லிக்கொண்டே பெருந்தொகை கேட்டால் கூடுதலாக விசாரியுங்கள். எலியில் பலித்தது என்ற செய்தி குழந்தைக்குப் பலித்தது ஆகாது.

வேறு மருத்துவ முறையில் மருந்தும் கொடுக்கிறீர்களா? பல குடும்பங்கள் கொடுக்கின்றன, பலர் மறைக்கிறார்கள். திட்டினாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள். சாதாரண வைட்டமின் என்று நினைக்கும் ஃபோலிக் ஆசிட்கூட, ஏஎல்எல் சிகிச்சையில் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்தின் வேலையைக் கெடுக்கக்கூடும்.

குடும்பத்துக்குள்ளேயே ஒத்துவராவிட்டால்

அம்மா ஒன்று, அப்பா ஒன்று, தாத்தா பாட்டி வேறொன்று. டாக்டரோடு இருப்பதாக நாம் நினைக்கும் சண்டை சில சமயம் இதுதான். டாக்டரைப் பார்க்கும் முன் பெற்றோர் இருவரும் அரை மணி நேரம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். ஒரே முடிவுக்கு வரவேண்டும் என்பதில்லை. ஒருவருக்கு என்ன பயம் என்று மற்றவருக்குத் தெரிந்தால் போதும். உறவினர்களுக்குச் செய்தி சொல்ல ஒருவரை நியமித்துவிடுங்கள்.

குழந்தையின் குரலும் உண்டு. 1989-ல் ஐநா நிறைவேற்றிய குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-வது பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு என்கிறது. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற எடை அதற்குத் தர வேண்டும். எட்டு வயதுக் குழந்தை அறுவையை முடிவு செய்ய முடியாது. ஊசி எந்தக் கையில், அம்மா கூட இருக்க வேண்டுமா, வீட்டுக்கு எப்போது போக வேண்டும் என்பதில் அதன் சொல் நடக்கலாம். பதின்ம வயதுப் பிள்ளை பல வருடம் சிகிச்சை எடுத்துவிட்டு "போதும்" என்றால், அதைச் சோர்வு என்று மட்டும் தள்ளிவிடாமல் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள்.

நடுவழி: கெடு வைத்து முயல்வது

எனக்குத் தெரிந்த வரை அதிகச் சண்டைகளைத் தணிப்பது இதுதான். "ஐந்து நாள் இந்தச் சிகிச்சையைத் தொடருவோம். இவை முன்னேறினால் மேலே போவோம், முன்னேறாவிட்டால் மறுபடி உட்கார்ந்து பேசுவோம்" என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்வது. எதைப் பார்த்து முன்னேற்றம் என்று சொல்வது என்பதை முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும்: தானாக மூச்சு விடும் முயற்சி, சிறுநீர் அளவு, கண் அசைவு, ஆக்ஸிஜன் தேவை. எழுதாமல் விட்டால் ஐந்தாம் நாள் டாக்டர் ஒரு எண்ணைக் காட்டுவார், நீங்கள் விரல் அசைந்ததைச் சொல்வீர்கள், பழைய இடத்துக்கே வந்து நிற்பீர்கள்.

இதுவும் பலிக்கவில்லை என்றால், பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் மருத்துவ அறநெறிக் குழு இருக்கும். சிகிச்சையில் நேரடித் தொடர்பில்லாத டாக்டர்கள், நர்ஸ்கள், சட்டம் தெரிந்தவர்கள், வெளியார் இருப்பார்கள். பல இடங்களில் பெற்றோரே அதை அணுகலாம். பொதுவாக அது ஆலோசனை தரும், தீர்ப்பு அல்ல. மருத்துவமனை அமைத்த குழுதானே என்ற சந்தேகம் நியாயமானது. உங்களை நேரில் அழைத்துப் பேசுவார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மத்தியஸ்தர் வைத்துப் பேசும் வசதி இருந்தால் இன்னும் நல்லது.

நீதிமன்றம்

பெற்றோரின் சம்மதம் முக்கியம்தான், ஆனால் எல்லையற்றது அல்ல. இங்கிலாந்தில் நீதிமன்றம் குழந்தையின் நலன் எது என்பதையே தலையாய அளவுகோலாக வைக்கிறது; அதற்கு அடிப்படை 1989-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம். அமெரிக்காவில், பெற்றோரின் மறுப்பால் குழந்தைக்குப் பெரிய தீங்கு நேருமா என்ற கேள்வி முன்னால் நிற்கும். நம்பிக்கையின் பேரில் ரத்தம் ஏற்ற மறுக்கும் பெற்றோரின் குழந்தைக்கு உயிராபத்து என்றால், பல நாடுகளில் நீதிமன்றங்கள் ரத்தம் ஏற்ற உத்தரவிட்டிருக்கின்றன.

எப்போதும் மருத்துவமனைதான் ஜெயிக்கும் என்று நினைக்க வேண்டாம். 2019-ல் தஃபிதா ரகீப் என்ற நான்கு வயதுச் சிறுமிக்கு மூளையில் ரத்தக் கசிவு. உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்தலாம் என்றது லண்டன் மருத்துவமனை. இத்தாலியின் ஜெனோவாவில் ஒரு குழந்தைகள் மருத்துவமனை சேர்த்துக்கொள்ள முன்வந்தது. அங்கே கொண்டுபோகப் பெற்றோருக்கு உயர் நீதிமன்றம் அனுமதி தந்தது.

எதைச் செய்யக்கூடாது என்பதற்கும் ஒரு வழக்கு இருக்கிறது. 2014 ஆகஸ்டில் ஆஷ்யா கிங் என்ற சிறுவனை, மூளைக் கட்டிக்குப் புரோட்டான் சிகிச்சை என்ற ஒருவகைக் கதிர்வீச்சுச் சிகிச்சை வேண்டும் என்று, இங்கிலாந்து மருத்துவமனைக்குச் சொல்லாமல் பெற்றோர் வெளிநாட்டுக்கு அழைத்துப்போனார்கள். ஸ்பெயினில் கைதானார்கள். சில நாட்கள் அவன் ஒரு மருத்துவமனையில், பெற்றோர் காவலில். அடுத்த சில நாட்களில், அவனைப் பிராக் நகருக்குக் கொண்டுபோக இங்கிலாந்து நீதிமன்றமே சம்மதித்தது. எவ்வளவு கோபம் இருந்தாலும் சொல்லாமல் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். எழுத்தில் கேளுங்கள்: வேறு மருத்துவமனைக்கு மாற்ற வேண்டும், வழியில் யார் கவனிப்பார்கள், அங்கே யார் ஏற்றுக்கொள்கிறார்கள்.

வழக்கு என்று வந்தால் குழந்தைகள் வழக்கில் அனுபவமுள்ள வக்கீலைப் பாருங்கள். சமூக ஊடகத்தில் எழுதும் முன் அவரிடம் கேளுங்கள். குழந்தையின் பெயரை வெளியிடவே தடை இருக்கலாம். டாக்டர்களின், நர்ஸ்களின் பெயரைப் போட்டுத் திட்டாதீர்கள். தீர்ப்பு எப்படி வந்தாலும் அன்று இரவு உங்கள் குழந்தைக்குக் கபம் உறிஞ்சி எடுக்கப்போவது அவர்கள்தான்.

நோய்தணிப்புக் குழுவைக் கடைசிவரை தள்ளிப்போடாதீர்கள்

நோய்தணிப்பு, அதாவது வேதனையைக் குறைக்கும் பாலியேட்டிவ் கேர். அந்தப் பெயரைக் கேட்டதும் பல பெற்றோர் கதவைச் சாத்திவிடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனமோ, குழந்தைகளுக்கு இது நோய் கண்டறிந்த நாளிலேயே தொடங்க வேண்டும், குணமாக்கும் சிகிச்சை நடந்தாலும் நடக்காவிட்டாலும் தொடர வேண்டும் என்கிறது. வலி, வாந்தி, மூச்சுத் திணறல், தூக்கமின்மை, பெற்றோரின் களைப்பு எல்லாம் அவர்கள் வேலை. மார்ஃபின் என்றதும் பயப்படாதீர்கள். சரியான அளவில், தெரிந்தவர் கையில், அது குழந்தையின் உயிரை எடுப்பதற்கல்ல, வேதனையை எடுப்பதற்கு.

கடைசியில் கருவிகளை நிறுத்துவது என்ற முடிவுக்கு நீங்களும் வந்துவிட்டால், அல்லது அந்த முடிவு உங்கள் மேல் வந்துவிட்டால், அப்போதும் நீங்கள் கேட்கக்கூடியவை இருக்கின்றன. என்று, எந்த நேரத்தில். வீட்டுக்குக் கொண்டுபோக முடியுமா. அண்ணனோ தங்கையோ வந்து பார்க்கலாமா. குழாயை எடுப்பதற்கு முன்பே மூச்சுத் திணறாமல் இருக்க மருந்து கொடுப்பார்களா. பிரார்த்தனைக்கு ஆள் வரலாமா. முகத்தில் ஒட்டிய டேப்பை முதலில் எடுத்துத் துடைத்துவிடச் சொல்லலாம். மானிட்டரின் ஒலியை நிறுத்திவைக்கச் சொல்லலாம். குழந்தையைக் கட்டிலில் இருந்து எடுத்து உங்கள் மடியில் வைக்கச் சொல்லலாம். ட்யூப், வயர் எதற்கும் பயப்படாமல் கேளுங்கள், நர்ஸ்கள் எப்படி என்று காட்டித் தருவார்கள்.